கதைமாந்தர் எங்கிருந்து வருகின்றனர்? – இரவலும் படைப்பும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கதைப்பயிற்சி ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் கதையில் மரகதம் என்றொரு பெண் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘பரதேசி’ திரைப்படத்திலும் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு மரகதம் என்றே பெயர். பெயரைக் கண்டவுடன் சிவப்பு மையால் “திரைப்படத்தின் நகல். சொந்தமாக எழுதுக” என்று குறித்துவிட்டு அடுத்த ஏட்டை எடுத்துக்கொண்டேன்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அம்மாணவியின் தாயார் ஏட்டைக் கையிலேயே கொண்டு வந்தார். “சார், பேரு மட்டுந்தான் படத்துப் பேரு. அந்த நூல் முடிச்சு எங்க மாமியா செஞ்சதுங்க. படத்துல அது வராதுங்க சார்” என்றார். ஏட்டை வாங்கி மீண்டும் படித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மரகதம், தான் பறித்த கொழுந்தை நிறுக்கும்போதெல்லாம் பத்து ராத்தலுக்கு ஒரு முடிச்சாக ஒரு நூலில் முடிந்து வைத்துக்கொள்கிறாள். மாத முடிவில் கணக்குக் குறைந்தால் அந்த நூலைக் கிராணியாரின் மேசைமேல் வைக்கிறாள். நான் பெயரைப் பார்த்தேன், முடிச்சைப் பார்க்கவில்லை.

அன்று தொடங்கி ஒரு வினா என்னைவிட்டு நீங்கவில்லை. கற்பனைப் பாத்திரம் ஒன்றைப் படைக்கும்போது எது இரவல்? எது சொந்தம்? நம் இலக்கிய முன்னோர் இதனை எவ்வாறு கையாண்டனர்? அறிந்தவரையில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வழிநூல் என்னும் மரபு

‘யாரையும் சாராத புதுமையே படைப்பு’ என்னும் கருத்து நம் பழைய இலக்கணங்களில் காணப்படுவதன்று. தொல்காப்பியத்தின் மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கிறது. வழிநூல் செய்யும் முறைகளாக நான்கினைச் சொல்கிறது. விரிந்ததைத் தொகுத்தல், தொகுத்ததை விரித்தல், இரண்டையும் கலந்து செய்தல், பிறமொழியிலிருந்து பெயர்த்து முறைப்படி அமைத்தல் என்பன அவை. பிற்காலத்தில் நன்னூல் இவற்றோடு சார்புநூல் என்பதையும் சேர்த்து மூன்றாக்கியது. வழிநூலாசிரியன் முன்னோர் கண்ட முடிபோடு ஒத்துச் செல்லலாம். ஆனால் தான் வேண்டும் வேறுபாடுகளையும் கூற வேண்டும் என்பது நன்னூலார் கருத்து. இவ்விதிகள் கதைகளுக்கென்று மட்டும் சொல்லப்பட்டவை அல்ல. எனினும் இரவல் வாங்குவதை இழுக்காகக் கருதாமல், வாங்கியபின் என்ன செய்தாய் என்று கேட்கும் மனப்பாங்கு இவற்றில் உண்டு.

இதற்குத் தலைசிறந்த சான்று கம்பர். இராமகாதையை வடமொழியில் முன்பே செய்தவர்களுள் முதல்வராகிய வான்மீகியின் வழியில் தாம் செல்வதாக அவர் தம் காப்பியத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். மறைக்க அவருக்கு ஒன்றும் இல்லை. ஆயினும் அவர் படைத்த மாந்தர் வான்மீகியின் மாந்தர் அல்லர். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரின் இராவணனோ அவளைத் தீண்டாமல், அவள் இருந்த குடிலை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். ஒரு செயல் மாறியவுடன் இருவருடைய இயல்பும் வேறாகிவிடுகின்றது. வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் வீடணன் வாய்மொழியாகச் சேர்த்தார். இராவணனுக்கு அறிவுரை சொல்ல வந்த தம்பி, செருக்கால் அழிந்த மற்றொருவனின் கதையைச் சொல்கிறான். கதை பழையது, அதைச் சொல்லும் இடமும் சொல்லும் ஆளும் கம்பருடையவை.

மனோன்மணீயம்: கடனை அறிவித்த நாடகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வி பரவியபின் இரவல் வாங்கும் களம் விரிந்தது. திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை 1891ஆம் ஆண்டு ‘மனோன்மணீயம்’ என்னும் கவிதை நாடகத்தை வெளியிட்டார். அதன் வாழ்த்துப் பாடலின் பகுதியைத்தான் 1970இல் தமிழ்நாட்டு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021இல் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது.

இந்நாடகத்தின் கதைக்கரு ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட தொகுப்பிலுள்ள ‘இரகசிய வழி’ என்னும் கதைப்பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. இதைப் பிறர் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. சுந்தரம் பிள்ளையே தம் முகவுரையில் கூறியுள்ளார். லிட்டனும் அக்கதையைத் தாமே புனைந்தவர் அல்லர். ஒருவரையொருவர் கனவில் கண்டு காதல் கொண்ட அரசகுமாரன், அரசகுமாரி பற்றி அதீனேயஸ் என்ற பழைய கிரேக்க ஆசிரியர் பாதுகாத்துத் தந்த கதையே அவருக்கு மூலம். பாரசீகத்தின் எல்லையிலிருந்து கிரேக்கம் சென்று, இலண்டன் வழியாகத் திருநெல்வேலிக் கோட்டைக்குள் ஒரு கதை வந்து சேர்ந்தது என்றால் வியப்பாக இல்லையா?

சுந்தரம் பிள்ளை பெயர்களை மட்டும் மாற்றி நின்றுவிடவில்லை. பாண்டிய மன்னனுக்குச் சீவகன் என்று பெயரிட்டார். சீவன் என்பது உயிர். அவனை வஞ்சிக்கும் அமைச்சனுக்குக் குடிலன் என்று பெயர். குடிலம் என்பது வளைவு, வஞ்சனை. மன்னனுக்கு வழிகாட்டும் சுந்தர முனிவர் ஞானகுருவாக நிற்கிறார். காதல் கதையாக வந்ததை உயிர் மயக்கத்தில் சிக்கி மீள்வதைக் காட்டும் சைவ சித்தாந்த உருவகமாகவும் படிக்கும்படி அமைத்தார். குடிலனைப் படிக்கும்போது சேக்சுபியரின் இயாகோவும் நினைவுக்கு வருவான். ஆனால் குடிலன் பேசும் அரசியல் தந்திரங்கள் நம் நாட்டு அமைச்சன் பேசுபவை. இரவல் வாங்கிய எலும்புக்கூட்டில் சொந்தத் தசையும் உயிரும் ஏறிவிட்டன.

பெயர் மாற்றமும் ‘தழுவல்’ விவாதமும்

எல்லா இரவலும் இவ்வாறு அமைந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் துப்பறியும் நாவல்கள் பெருகின. ஆரணி குப்புசாமி முதலியார் ஆனந்தசிங் என்னும் துப்பறிவாளரை உலவவிட்டார். அவர் ஆங்கிலத்துச் செர்லாக் ஓம்சின் தமிழ் உருவமே. வடுவூர் துரைசாமி ஐயங்கார் ரெயினால்ட்சு முதலிய ஆங்கில நாவலாசிரியர்களின் கதைகளைத் தழுவி எழுதினார். பம்மல் சம்பந்த முதலியார் சேக்சுபியரின் ஆம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். வெனிசு வணிகனை ‘வாணிபுர வணிகன்’ ஆக்கினார்.

இவர்களை எளிதில் ஒதுக்கிவிடுதல் தகாது. தமிழில் நாவல் படிக்கும் பழக்கத்தைப் பல்லாயிரம் பேருக்கு ஊட்டியவர்கள் இவர்களே. வடுவூராரின் திகம்பர சாமியார் ஆங்கில நெடியை ஓரளவு உதறிவிட்டு, கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்து வக்கீல்களோடும் மிராசுதார்களோடும் பழகும் ஆளாக மாறினார். 1950இல் எம். என். நம்பியார் பல வேடங்களில் நடித்த திரைப்படமாகவும் அவர் கதை வந்தது. ஆனால் பல நாவல்களில் மாந்தரின் பெயர் தமிழாகவும் பழக்கவழக்கம் இலண்டனாகவும் இருந்ததை மறுக்க இயலாது.

1930களில் மணிக்கொடி எழுத்தாளர்கள் இப்போக்கைக் கண்டித்தனர். மொழிபெயர்ப்பா, தழுவலா என்ற விவாதம் எழுந்தது. பிறநாட்டுக் கதையை அந்நாட்டுப் பெயர்களோடும் சூழலோடும் நேர்மையாக மொழிபெயர்க்க வேண்டும். உடையை மாற்றித் தமிழ்க்கதை என்று காட்டக்கூடாது என்பதில் புதுமைப்பித்தன் உறுதியாக நின்றார். தழுவலுக்கு ஆதரவாக நின்றவர்களோ, அயல்நாட்டுப் பெயரும் வழக்கமும் நம் வாசகருக்கு ஒட்டாது என்றனர்.

இதில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1948இல் புதுமைப்பித்தன் மறைந்தபின் அவர் பெயரில் நூலாக வந்த கதைகளுள் சில, பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் கதைகளைத் தழுவியவை என்று ஆய்வாளர் காட்டினர். தழுவலைக் கடிந்தவரே தொடக்க காலத்தில் தழுவி எழுதிப் பழகியிருக்கிறார். இதைக் கொண்டு அவரைத் தாழ்த்த முயன்றவர்களும் உண்டு. அவர் பொருட்டு மறுப்பு எழுதியவர்களும் உண்டு. ஓர் ஆசிரியனாக எனக்கு இதில் தெரிவது வேறு. கைவிரல் பழகும் காலத்தில் மேதையும் பிறர் வரைந்த கோட்டின்மீதே எழுதிப் பார்க்கிறான். பத்து வயதுப் பிள்ளை அவ்வாறு செய்வதில் குற்றம் என்ன? அங்கேயே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதே நம் கடமை.

ஒரு வரிக் கல்வெட்டிலிருந்து வந்த வீரன்

நம் வீடுகளில் பெரும்பாலோர் அறிந்த கதைத்தலைவன் வந்தியத்தேவன். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலை வழிநடத்திச் செல்பவன் அவனே. வரலாற்றில் அவனைப் பற்றி அறியக் கிடைப்பது மிகச் சிறிது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இராசராசனின் தமக்கை குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிப்பிடுகிறது. அந்தப் பெயரிலிருந்துதான் துடுக்கும் நகைச்சுவையும் நிறைந்த இளைஞன் ஒருவனைக் கல்கி உருவாக்கினார். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையவனாக வரும் ரவிதாசனின் பெயரும் உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளதே. நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் கல்கியின் கற்பனைகள்.

ஓலை சுமந்து குதிரைமீது தலைநகர் நோக்கி வரும் அனுபவமற்ற இளைஞன், வழியெல்லாம் வம்பில் மாட்டிக்கொள்வது, அரசவைச் சூழ்ச்சிக்குள் சிக்குவது ஆகியவற்றைப் படிப்போர், பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவின் ‘மூன்று வீரர்கள்’ நாவலில் வரும் தார்த்தன்யானை நினைவுகூர்வதுண்டு. அவனும் கடிதம் ஒன்றோடு வேடிக்கையான குதிரையில் ஏறிப் பாரிசுக்கு வருகிறான். ஒப்புமை கண்ணில் படத்தான் செய்கிறது. ஆனால் தூமாவின் வீரன் மட்டும் யாருடைய சொந்தம்? அந்நாவல் வெளிவந்தது 1844இல். அதற்கு மூலமாகத் தூமா எடுத்துக்கொண்டது, கூர்த்தில் தெ சாந்திரா என்பவர் 1700இல் வெளியிட்ட புனைவு நினைவுக் குறிப்புகளை. அக்குறிப்புகளுக்குப் பின்னால் இருந்தவர் 1673இல் மாசுதிரிக்கு முற்றுகையில் உயிர்நீத்த உண்மையான படைத்தலைவர். மூலத்தைத் தேடிச் சென்றால் அதற்கும் ஒரு மூலம் இருக்கின்றது.

வந்தியத்தேவனை நம்முடையவனாக்குவது எது? கதை தொடங்குவது ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக் கரையில். புதுவெள்ளத்தைக் கண்டு மகிழும் மக்களிடையே அவன் வருகிறான். வழியில் சைவ வைணவச் சண்டையில் தலையிடுகிறான். சோழ வரலாற்றை நீலகண்ட சாத்திரியார், சதாசிவ பண்டாரத்தார் ஆகியோர் நூல்களில் கற்று, அக்காலத்து ஊர்களையும் ஆறுகளையும் அவன் பயணப் பாதையில் கல்கி வைத்தார். தார்த்தன்யானை அந்த ஏரிக் கரையில் நிறுத்தினால் அவனுக்கு அங்கே பேசுவதற்கு ஒன்றுமில்லை.

தேயிலைத் தோட்டத்துக் கதைமாந்தர்

இனி நமக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம். மலைத்தோட்டத்துத் தமிழர் கதைமாந்தராக மாறிய வரலாறு என்ன?

முதலில் பாரதியார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் படும் துயரத்தை அவர் பாடினார். அவர் பிஜிக்குச் சென்றதில்லை. அத்தீவின் கொடுமைகள் பற்றி அக்காலத்தில் இந்தியாவை எட்டிய செய்திகளே அவருக்குக் கிடைத்தவை. அவர் பாட்டில் வரும் பெண்களுக்குப் பெயரில்லை. அழுகுரல் மட்டுமே உண்டு.

அடுத்துப் புதுமைப்பித்தன். 1935இல் மணிக்கொடியில் அவர் எழுதிய ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட நீண்ட கதை. அத்தலைப்பே பாரதியின் அந்தப் பிஜிப் பாடலில் வரும் சொல்தான். அவரும் இலங்கையைப் பார்த்ததில்லை. ஆனால் திருநெல்வேலிச் சீமையை உள்ளங்கைபோல் அறிந்தவர். ஆகவே கதையை வாசவன்பட்டி என்னும் ஊரிலிருந்து தொடங்கினார். பாரதியின் பாட்டில் பெயரின்றி அழுத பெண்ணுக்கு அவர் மருதி என்று பெயரிட்டார்; வெள்ளையன் என்றொரு கணவனைத் தந்தார்; அவர்கள் ஊரைவிட்டு ஏன் போக நேர்ந்தது என்பதைச் சொன்னார். காணாத தோட்டத்தை எழுதும்போதும், கண்ட ஊரின் பெண்ணை அங்கே அனுப்பியமையால் மருதி உயிரோடு நிற்கிறாள். சொல் பாரதியுடையது, மருதி புதுமைப்பித்தனுடையவள். இரவலுக்கும் படைப்புக்கும் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்தவரையில் இல்லை.

1937இல் முல்க் ராஜ் ஆனந்த், அசாம் தேயிலைத் தோட்டத்துக்கு வஞ்சிக்கப்பட்டு அழைத்துச் செல்லப்படும் கங்கு என்னும் பஞ்சாபி உழவனைத் தம் ஆங்கில நாவலில் படைத்தார். தமிழ்த் தொழிலாளரைப் பற்றி அத்தகைய ஆங்கில நாவல் ஒன்று வர மேலும் முப்பது ஆண்டுகளாயின. பி. எச். டேனியல் என்னும் மருத்துவர் 1941 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிந்தவர். அங்கே முதிய தொழிலாளர் சொல்லக் கேட்டவற்றை அடிப்படையாக வைத்து 1969இல் ‘ரெட் டீ’ நாவலை வெளியிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மேத்திரியின் ஆசைவார்த்தையை நம்பி மலையேறும் கருப்பன், வள்ளி என்னும் இணையர் அதன் தலைமை மாந்தர். 2007இல் இரா. முருகவேள் இதனை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதன்பின்னரே தமிழ் வாசகர் பலர் டேனியலை அறிந்தனர். இந்நாவலைத் தழுவியே இயக்குநர் பாலா ‘பரதேசி’யை எடுத்தார். கருப்பன் அங்கே தமுக்கடிக்கும் ராசாவாக மாறினான். நாவலில் தொழிலாளர் நலனுக்காக நிற்கும் மருத்துவர், படத்தில் சமயம் பரப்புவதில் முனைப்புடையவராக மாறினார். இம்மாற்றத்தைப் பலர் குறைகூறினர். தாமே மருத்துவராக அம்மக்களிடையே வாழ்ந்த ஒருவர் எழுதிய பாத்திரத்தை அவ்வாறு திரிப்பது முறையா என்று கேட்டனர். அவ்வினாவில் நியாயம் உண்டு. மாந்தரை மாற்றும் உரிமை பின்னோனுக்கு உண்டென்று நன்னூல் சொல்கிறது. ஆனால் கதைமாந்தருக்குப் பின்னால் உண்மையான மனிதர் நிற்கும்போது அவ்வுரிமையோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

இவ்வரிசையைத் திரும்பிப் பாருங்கள். செய்தி பாட்டாயிற்று, பாட்டின் சொல் கதைத் தலைப்பாயிற்று. நோயாளிகளோடு பழகிய பழக்கம் நாவலாயிற்று; நாவல் மொழிபெயர்ப்பாயிற்று; பின் படமாயிற்று. அப்படத்திலிருந்து ஒரு பெயர் எங்கள் பள்ளி ஏட்டுக்கு வந்தது. அதற்கு மட்டும் நான் ‘நகல்’ என்று எழுதினேன்.

ரிங்லெட்டில் நாம் செய்யத்தக்கது

தாப்பாவிலிருந்து மலையேறி வருவோர்க்கு முதலில் எதிர்ப்படும் சிற்றூர் எங்கள் ரிங்லெட். 1885இல் வில்லியம் கேமரன் அளந்து குறிப்பெழுதிய இம்மலையில் 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காடழித்துத் தேயிலை நட்ட கைகளுள் தமிழர் கைகள் பல. எனினும் நம் மலேசியத் தமிழ்ப் புனைகதைகளைப் படித்தால் பெரும்பாலும் பால்மரக் காடுகளே வருகின்றன. தமிழகத்து அகிலன் நம் நாட்டைப் பற்றி எழுதியதும் ‘பால்மரக் காட்டினிலே’தான். சயாம் மரண இரயில்பாதையைப் பற்றியும் நாவல்கள் உண்டு. கேமரன் மலையின் பனியிலும் சரிவிலும் நின்று கொழுந்து பறித்த பெண் ஒருத்தி, மருதியைப்போல் பெயர் சொன்னதும் நினைவுக்கு வரும் கதைமாந்தராக இன்னும் நம்மிடையே நிலைபெறவில்லை.

இதனால்தான் நம் பிள்ளைகள் இரவல் வாங்குகின்றனர். தம் மலையைப் பற்றிய கதைமாந்தர் கிடைக்காதபோது வால்பாறையைப் பற்றிய படத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றனர். அது அவர்களின் சோம்பலன்று. நாம் அவர்களுக்குக் கொடுக்கத் தவறியதன் விளைவு.

காலமும் குறுகிக்கொண்டு வருகிறது. இன்று தோட்டங்களில் கத்திரியாலும் இயந்திரத்தாலும் கொழுந்து எடுக்கின்றனர். வேலை செய்வோருள் வெளிநாட்டினர் மிகுதி. நம் குடும்பங்கள் காய்கறி, பூத்தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டன. கையால் பறித்துக் கூடையை நிரப்பிய தலைமுறை வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறது. அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், கேட்பாரில்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, ‘சொந்தமாக எழுது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சொந்தம் எது என்று பிள்ளைக்குத் தெரியாது. உன் பாத்திரம் எந்த ஊரில் நிற்கிறது, என்ன வேலை செய்கிறது, கோபம் வந்தால் யாரைப்போல் பேசும் என்று கேளுங்கள். இம்மூன்றுக்கும் விடை வந்தால் இரவல் பெயர் தானே உதிர்ந்துவிடும். இரண்டாவது, யாரிடமிருந்து எடுத்தேன் என்று கதையின் இறுதியில் ஒரு வரி எழுதும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். கம்பரும் சுந்தரம் பிள்ளையும் செய்ததை நம் பிள்ளைகளும் செய்யலாம். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். மூன்றாவது, திருத்தும்போது பெயரோடு நின்றுவிடாமல் முழுக்கதையையும் படியுங்கள். இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

பெற்றோர்களுக்கு ஒன்றே ஒன்று. மாதிரிக் கட்டுரை நூல்களை வாங்கிக் கொடுத்து மனப்பாடம் செய்விப்பதற்கு முன், ஒரு மாலைப்பொழுது பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் உட்கார வையுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், மழையில் என்ன போர்த்திக்கொண்டார்கள், அட்டை கடித்தால் என்ன செய்தார்கள், கூலி எவ்வளவு, கணக்கில் ஏமாற்றினால் என்ன சொன்னார்கள் என்று பிள்ளையே கேட்கட்டும். நீங்கள் குறுக்கே புகுந்து விடை சொல்லாதீர்கள். ஒரு கல்வெட்டு வரியைக் கொண்டு கல்கி ஐந்து பாகம் எழுதினார். உங்கள் வீட்டில் இருப்பது ஒரு வரியைவிடப் பெரிது.

அம்மாணவியின் ஏட்டில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, “நூல் முடிச்சு மிக நன்று. அதை யாரிடம் கேட்டாய் என்றும் எழுது” என்று புதிதாகக் குறித்தேன். அடுத்த கிழமை அவள் அக்கதையைத் திருத்தி எழுதி வந்தாள். மரகதம் என்ற பெயரை அடித்துவிட்டுத் தன் பாட்டியின் பெயரை வைத்திருந்தாள். நான் பெயரை மாற்றச் சொல்லவில்லை. கதையின் கடைசியில், பெயரும் முடிச்சும் பாட்டியுடையவை, கிராணியார் திட்டுவது படத்தில் பார்த்தது என்று இரண்டு வரி சேர்த்திருந்தாள். பாட்டியிடம் படித்துக் காட்டினாயா என்று கேட்டேன். படித்துக் காட்டினாளாம். பத்து ராத்தலுக்கு ஒரு முடிச்சு இல்லை, ஐந்துக்கு ஒன்று என்று பாட்டி திருத்தினாராம்.

உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் இத்தகைய கதைகள் கிடைத்தால் அறியத் தாருங்கள், தொகுத்து வைப்போம்.

அன்புடன்,
ரிங்லெட்டிலிருந்து ஒரு தமிழாசிரியன்